லிக்டென்ஸ்டைனில் நான்கு நாள் மலைநடை: எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: செப்டம்பர் தொடக்கத்தில் சூரிச் வருகிறோம். நான்கு நாள் லிக்டென்ஸ்டைனில் மலையில் நடக்க ஆசை. கார் இல்லை. எங்கே தங்கலாம், எந்தப் பாதை, எவ்வளவு நேரம்?

பதில்: வரைபடத்தில் இந்த நாடு வடக்கு தெற்காகச் சுமார் 25 கி.மீ.தான். அதை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால் தப்பாகிவிடும். ரைன் ஆற்றங்கரை ஏறத்தாழ 430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மிக உயர்ந்த சிகரமான கிராவ்ஸ்பிட்ஸ் 2,599 மீட்டர். இங்கே கிலோமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, ஏற்ற இறக்கத்தைத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஆல்ப்ஸில் பரவலாகப் பயன்படுத்தும் கணக்கு இது: சமதளத்தில் மணிக்கு 4 கி.மீ., ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர். ஏற்ற இறக்க நேரத்தைக் கூட்டி ஒரு பக்கம் வையுங்கள், தூரத்துக்கான நேரத்தை மறுபக்கம் வையுங்கள். பெரியதை முழுதாக எடுத்து, சிறியதில் பாதியைச் சேருங்கள். மால்பூன் என்ற மலையூரிலிருந்து ஆவ்க்ஸ்டென்பெர்க் சிகரம் (2,359 மீ.) ஏறி, ப்ஃபெல்சர்ஹ்யூட்ட என்ற மலைவிடுதி வழியாகத் திரும்பும் சுற்று சுமார் 12 கி.மீ. ஏற்றமும் இறக்கமும் தலா 800 மீட்டர் என்று வைத்தால் 2 மணி 40 நிமிடமும் 1 மணி 36 நிமிடமும் சேர்ந்து நாலேகால் மணி. தூரத்துக்கு 3 மணி, அதில் பாதி ஒன்றரை. மொத்தம் ஐந்தே முக்கால் மணி. இதில் ஓய்வு சேரவில்லை. வழிகாட்டிப் பலகைகளில் எழுதியிருக்கும் நேரத்திலும் ஓய்வு சேராது. மலைநடை பழகாதவர்கள் ஏழரை மணி ஒதுக்குங்கள்.

தங்குவதற்கு ஒரே இடம் போதும், தினமும் பை கட்ட வேண்டாம். சூரிச்சிலிருந்து ரயிலில் சார்கன்ஸ் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் தலைநகர் வாடுஸ். வாடுஸிலிருந்து 21-ஆம் எண் பஸ் ட்ரீசென்பெர்க், ஸ்டேக் வழியாக மால்பூன் (சுமார் 1,600 மீ.) வரை ஏறுகிறது. விடுதி வாடகை அதிகம் என்று தோன்றினால் சுவிஸ் பக்கத்து புக்ஸிலோ ஆஸ்திரியப் பக்கத்து ஃபெல்ட்கிர்க்கிலோ தங்கலாம். இரண்டும் பஸ் தூரம்தான், ஷெங்கன் விசா ஒன்றே மூன்று நாட்டுக்கும் போதும். லிக்டென்ஸ்டைனில் செலவுக்கு சுவிஸ் ஃபிராங்க். மாலைக் கடைசி பஸ்ஸின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சாப்பாட்டுப் பொருளைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

முதல் நாள் கால் பழகப் பள்ளத்தாக்கில் நடங்கள். நாட்டின் 300-ஆம் ஆண்டையொட்டி 2019-இல் திறந்த லிக்டென்ஸ்டைன் பாதை 75 கி.மீ. நீளத்தில் பதினொரு ஊராட்சிகளையும் தொட்டுச் செல்கிறது. பெரும்பாலும் ஊர்களுக்கு அருகிலேயே போவதால் களைத்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பஸ் பிடிக்கலாம்.

இரண்டாம் நாள் மேலே சொன்ன மால்பூன் சுற்று. சாரைஸ் நாற்காலி லிஃப்ட் 2,000 மீட்டர் வரை தூக்கிவிடும். ஏற்றத்தில் 400 மீட்டர், நேரத்தில் ஒரு மணிக்கு மேல் மிச்சம். அது ஓடும் நாளையும் நேரத்தையும் முன்பே பாருங்கள். மேகம் கறுத்தால் ப்ஃபெல்சர்ஹ்யூட்ட விடுதியிலிருந்து மால்பூனுக்குத் திரும்பாமல், பள்ளத்தாக்கு வழியாக ஸ்டேக்குக்கு இறங்கிவிடலாம். அதே 21-ஆம் எண் பஸ் அங்கேயும் நிற்கும்.

மூன்றாம் நாளுக்கு எல்லோரும் கேட்பது ஃப்யூர்ஸ்டென்ஸ்டைக். 1898-இல் செங்குத்துப் பாறையில் வெட்டிய பாதை. கம்பி பிடித்து நடக்கலாம், ஆனால் ஒரு பக்கம் வெறும் பள்ளம். உயரத்தைக் கண்டால் தலை சுற்றுபவர்கள் தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள்; நடுவில் பயம் வந்தால் எதிரே வருபவர்களுக்கும் ஆபத்து. தொடக்கம் காஃப்லை (1,483 மீ.). அங்கிருந்து ஏறி, குவேகிராட் (2,123 மீ.) தாண்டி, ஏணியும் கம்பியும் உள்ள 'மூன்று சகோதரிகள்' சிகரங்கள் வழியாக காஃபாதுரா விடுதிக்கு இறங்கி, பிளாங்கனில் (786 மீ.) முடியுங்கள். இந்தத் திசைதான் சரி. தலைகீழாகப் போனால் 700 மீட்டர் கூடுதல் ஏற்றம். அதற்கு விலை, முழங்காலைப் பதம் பார்க்கும் நீண்ட இறக்கம். ஊன்றுகோல் இரண்டு கொண்டுபோங்கள், ஏணி வரும்போது பையில் கட்டிவிடுங்கள். முகட்டில் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு 2 லிட்டராவது வேண்டும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் போகாதீர்கள். ஈரச் சுண்ணாம்புக்கல் வழுக்கும், கல்லும் உருளும். கல்சரிவால் பாதையையே மூடுவதும் உண்டு. கிளம்பும் முன் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். மூடியிருந்தால் காஃப்லையிலிருந்து பார்கெல்லா கணவாய் வழியாக ஆல்ப்ஷ்பிட்ஸ் (1,942 மீ.) ஏறலாம், காட்சி அதே ரைன் பள்ளத்தாக்கு.

நான்காம் நாளை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். மழை எந்த நாளைப் பறிக்கிறதோ அதற்கு இதுதான் ஈடு. முன்பதிவு செய்து நான்கு நாளையும் கட்டிப்போட்டவர்கள்தான் மோசமான வானிலையில் முகட்டுக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபோன் என்ற தெற்குக் காற்றையும் கவனியுங்கள்: வானம் துலக்கமாக, மலைகள் கிட்டே வந்ததுபோல் தெரியும், ஆனால் முகட்டில் ஆளைத் தள்ளும் வேகத்தில் வீசும்.

பாதைக் குறிகள் சுவிட்சர்லாந்து முறைதான். மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை சிவப்பு வெள்ளை என்றால் மலைப்பாதை: கணுக்காலைப் பிடிக்கும் ஷூ கட்டாயம். வெள்ளை நீலம் வெள்ளைப் பட்டையைப் பார்த்தால் அனுபவமில்லாதவர்கள் திரும்பிவிடுங்கள். சுவிஸ்டோப்போ செயலி இலவசம், இந்த நாடும் அதில் அடங்கும். வரைபடத்தை விடுதியிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் முகட்டில் போன் சுவிஸ் கோபுரத்துக்கும் ஆஸ்திரியக் கோபுரத்துக்கும் மாறி மாறித் தாவும். ஐரோப்பிய ஒன்றிய சிம்மின் ரோமிங் சலுகை லிக்டென்ஸ்டைனில் செல்லும். சுவிஸ் கோபுரத்தில் மாட்டினால் தனிக் கட்டணம் விழலாம்.

சைவர்களுக்கு ஒன்று: விடுதிகளில் கேஸ்க்னோப்ஃப்லே என்ற பாலாடைக்கட்டி உணவு கிடைக்கும். பார்லி சூப்பில் பெரும்பாலும் புகையூட்டிய இறைச்சி இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பயணக் காப்பீட்டில் மலைநடையும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று ஊரிலேயே படித்துப் பாருங்கள். விசாவுக்காக எடுக்கும் மலிவுப் பாலிசிகள் பலவற்றில் மலையேற்றத்தை விலக்கியிருப்பார்கள். அவசரத்துக்கு 112. சிக்னல் இல்லையென்றால் விசிலோ டார்ச்சோ நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும்.