லேவியராகமத்தோடு நின்றுபோகும் வாசிப்பு

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் வேதாகமத்தை ஒரே வருடத்தில் வாசித்து முடிக்கத் தீர்மானிக்கிறேன், பலிகளைப்பற்றிய சட்டங்கள் நிறைந்த மூன்றாம் புத்தகமான லேவியராகமத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. விசுவாசத்தில் வளர நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, இந்த இடறல் உங்களுக்கு மட்டும் உரியதன்று. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் இருப்பதால், ஒரே வருடத்தில் முடிக்க விரும்புகிறவர் நாள்தோறும் மூன்று நான்கு அதிகாரங்களை வாசித்தாக வேண்டும்; ஒரு நாள் தவறினாலும் மறுநாள் சுமை இரட்டிப்பாகி, வாசிப்பு தீராத கடனைப்போல மனத்தை அழுத்தத் தொடங்கிவிடுகிறது. சங்கீதங்களிலிருந்து தொடங்குங்கள் என்பேன். 150 சங்கீதங்களையும் காலை, மாலை என்று பகுத்து 30 நாட்களில் வாசித்து முடிக்கும் முறை ஆங்கிலிக்கன் சபையில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. உங்களுக்கு அந்த வேகமும் வேண்டாம்: நாளுக்கு ஒன்று, அதுவும் வாய்விட்டு வாசித்து, மனத்தில் தைத்த ஒரு வசனத்தையே உங்கள் சொந்த ஜெபமாக்குங்கள். 176 வசனங்கள் கொண்ட 119-ஆம் சங்கீதத்தை மட்டும் அதன் 22 பகுதிகளின்படி 22 நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். நேரத்தை மாற்றாதீர்கள். தானியேல், ராஜாவைத் தவிர வேறெவரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாதென்ற கட்டளை பிறந்தபின் ஜெபிக்கக் கற்றுக்கொண்டவர் அல்லர். முன்பு செய்துவந்தபடியே தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார் என்றே தானியேல் புத்தகத்தின் 6-ஆம் அதிகாரம் கூறுகிறது. லேவியராகமத்தையும் கைவிட்டுவிடாதீர்கள், புதிய ஏற்பாட்டிலுள்ள எபிரெயர் நிருபத்தோடு சேர்த்து வாசித்தால் அந்தப் பலிகளின் பொருள் விளங்கத் தொடங்கும்.