பழைய அச்சுப் படங்களை வைத்து வீட்டை அலங்கரிக்க ஆசை. எங்கே வாங்குவது, எப்படி மாட்டுவது?

கடைக்குப் போவதற்கு முன்னால் சொந்த ஊருக்குப் போய்ப் பரணில் ஏறிப் பாருங்கள். நானும் கூடத்துச் சுவருக்குப் படம் தேடி ஒரு வருடம் கடை கடையாக அலைந்தேன். இன்று என் வீட்டில் இருப்பதிலேயே நல்ல படம் அப்பத்தா வீட்டுப் பரணிலிருந்து இறங்கியதுதான்.

அது வள்ளி தெய்வானையோடு நிற்கும் முருகன். சட்டத்தைச் செல் அரித்திருந்தது. படத்தின் அடி ஓரத்தில் கொண்டையராஜுவின் பெயர். 1898இல் பிறந்து 1976இல் மறைந்த இந்தக் கோவில்பட்டி ஓவியர் வரைந்த சாமிகள்தான், சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டராகவும் கண்ணாடிப் படமாகவும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அவர் நாடக மேடைக்குப் பின்னணித் திரைகள் வரைந்தவர். சாமிக்குப் பின்னால் தூண், படிக்கட்டு, குளம், மலை என்று அடுக்கடுக்காக உள்ளே போகிறதே, அது நாடகத் திரையிலிருந்து வந்த அழகு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படங்களை என்னால் வெறும் காலண்டர் படமாகப் பார்க்க முடியவில்லை.

கண்ணாடியைக் கழற்றியபோது ஒன்று கவனித்தேன். அப்பத்தா வெள்ளிக்கிழமைதோறும் மூவர் நெற்றிக்கும் நேராகக் கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அந்தப் பொட்டுகள் கெட்டித்துப் போயிருந்தன. அவற்றுக்கு நேர் கீழே தாளில் மூன்று சிறு வட்டங்கள் மட்டும் அச்சடித்த நாளின் நிறத்தோடு இருந்தன. மற்ற இடமெல்லாம் வெளுத்திருந்தது. வெளிச்சம் ஒரு படத்தை என்ன செய்யும் என்பதை அந்த வட்டங்கள் எனக்குக் காட்டிவிட்டன. அதனால் மாட்டும் இடத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன்: வெயில் நேராக விழும் சுவர் வேண்டவே வேண்டாம். குளியலறையை ஒட்டிய சுவரும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரும் அப்படித்தான்.

அடுத்தது சட்டம் போடுவது. என் கையில் இருந்த ஒரு லட்சுமி படத்தை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் தாளை ஹார்ட்போர்டில் பசை போட்டு ஒட்டி, சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கீழ் ஓரத்தை வெட்டிவிட்டார்கள். ஓவியர் பெயரும் அச்சகத்தின் பெயரும் அந்த ஓரத்தில்தான் இருந்தன. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: ஒட்டக் கூடாது, வெட்டக் கூடாது, செல்லோடேப் படவே கூடாது. கண்ணாடி தாளைத் தொட்டால் ஈரத்தில் அப்பிக்கொள்ளும், பிறகு பிரித்தால் வண்ணமும் சேர்ந்து உரியும். நடுவில் மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வரும் அட்டை விளிம்பு, வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். அந்த அட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும். பழைய சட்டங்களில் பின்னால் மரப் பலகை அடித்திருப்பார்கள். பலகைகள் சேரும் இடத்துக்கு நேராகப் படத்தில் பழுப்புக் கோடு விழுந்திருப்பதைப் பார்க்கலாம், மரத்தின் அமிலம் செய்த வேலை அது. சட்டம் நன்றாக இருந்தால் அதையே துடைத்து வைத்துக்கொண்டு, பின்பலகையை மட்டும் மாற்றுங்கள்.

சரி, பரணில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழம்பொருள்களை வரிசையாகப் பல கடைகளில் பார்க்கலாம். ரவிவர்மா படம் என்று பலர் காட்டுவார்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார், பிறகு அது லோணாவ்ளா பக்கம் மளவ்லிக்குப் போனது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்த படங்கள் அவை. எண்ணெய் ஓவியம் போல மினுங்க மேலே வார்னிஷ் பூசுவார்கள். ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோய் முகத்தைப் பாருங்கள். ஒழுங்கான சிறு புள்ளிகள் பூப்போலக் கூடி நின்றால் அது பிற்காலத்து ஆஃப்செட் அச்சு. கல்லச்சில் புள்ளிகள் சீரில்லாமல், மணல் தூவியது போல இருக்கும். பழைய சட்டத்துக்குள் புதுப் படத்தைச் செருகி விற்பதும் உண்டு, சட்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அந்தக் காலத்து வீடுகளில் படங்களை உத்தரத்தை ஒட்டி உயரத்தில், முன்பக்கம் சாய்த்து மாட்டுவார்கள். கீழே உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் சாமி நம்மைப் பார்ப்பது போல இருக்கும். இன்றைய அடுக்ககக் கூரைக்கு அது ஒத்துவராது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 5 அடிக்கு வரும்படி மாட்டினால் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஒரு சுவரில் மூன்றுக்கு மேல் நான் வைப்பதில்லை. இந்தப் படங்களில் நிறமும் நகையும் பூவும் அவ்வளவு அடர்த்தி, சுற்றிலும் வெறும் சுவர் இருந்தால்தான் மூச்சு விடும். சுவர் வெள்ளையோ சந்தன நிறமோ போதும்.

சாமி படத்தை அலங்காரத்துக்கு மாட்டலாமா என்று என் அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். காலடி படாத, செருப்பு வைக்காத பக்கமாக மாட்டினோம், வெள்ளிக்கிழமை ஒரு முழம் பூ வைக்கிறோம். கண்ணாடி உடைந்த சாமி படங்களைக் கோயில் அரச மரத்தடியில் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை. அவற்றுக்கு ஒரு புதுக் கண்ணாடி போதும்.

இன்னொன்று, சட்டத்தைப் பிரிக்கும்போது நீங்களும் கூடவே நில்லுங்கள். பின்னால் தூசி புகாமல் இருக்க அந்தக் காலத்தில் செய்தித்தாள் ஒட்டுவது வழக்கம். தாளின் தேதி தெரிந்தால், சட்டம் எந்தக் காலத்தது என்று ஓரளவு பிடிபடும். என் முருகனுக்குப் பின்னால் இருந்த தாளைக் கடைக்காரர் கசக்கிப் போடப் போனார். வாங்கி நீவி, ஒரு உறையில் போட்டு, அப்பத்தா பெயரையும் ஊரையும் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சேர்த்து, புதுப் பின்பலகைக்கு வெளியே செருகி வைத்திருக்கிறேன்.