பினாங்குப் பயணமும் இருமல் சிரப்பும்

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம், எடை 12 கிலோ. தீபாவளிக்கு கோலாலம்பூர் செந்தூலிலிருந்து பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் கணவரின் அண்ணன் வீட்டுக்குக் காரில் போகிறோம். போன முறை தஞ்சோங் மாலிம் வருவதற்குள் சைல்டு சீட்டில் அழ ஆரம்பித்துவிட்டான். ஈப்போ தாண்டியதும் வாந்தி. கடைசியில் மாமியார்தான் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். இந்த முறை கிளம்பும்போது கொஞ்சம் இருமல் சிரப் கொடுத்தால் வழியெல்லாம் தூங்கிவிடுவான் என்கிறார். கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: கொடுக்காதீர்கள். அரை ஸ்பூன்கூட வேண்டாம். கொடுப்பதற்கு முன் கேட்டீர்களே, அதற்கு நன்றி. பலர் கொடுத்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன், ஒரு தீபாவளி விடுமுறையில், ஓர் அப்பா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு வயது நிறையாத பெண் குழந்தை. கை கால் துவண்டு தொங்கின. உள்ளங்காலைச் சுண்டினேன். முகம் லேசாகச் சுளித்ததே தவிர கண் திறக்கவில்லை. உடனே ஆம்புலன்ஸ் வரவழைத்தோம். "ஒரு மூடிதான் டாக்டர் கொடுத்தேன்" என்று அம்மா அழுதார். அந்த மூடியை வாங்கிப் பார்த்தேன். அளவுக் கோடுகள் எல்லாம் தேய்ந்து போயிருந்தன. எத்தனை மில்லி உள்ளே போனது என்று யாருக்குமே தெரியவில்லை. மறுநாள் குழந்தை தேறி எழுந்தது. ஆனால் அந்த இரவு அந்தப் பெற்றோர் பட்ட பாட்டை வேறு யாரும் படக்கூடாது.

தூக்கம் வரவழைக்கும் சிரப்புகளில் குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெதசின் போன்ற மருந்துகள் இருக்கும். இவை சளியைக் குணப்படுத்துவதில்லை. மூளையை மந்தமாக்குவதால்தான் தூக்கம் வருகிறது. சிறு குழந்தைகளில் இதே மந்தம் மூச்சையும் பிடித்துவிடக்கூடும். புரோமெதசினை இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது, மூச்சு நின்று குழந்தைகள் இறந்ததால்தான். காரில் ஆபத்து இன்னும் கூடுதல். மருந்து மயக்கத்தில் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுக்குழல் குறுகிவிடும். அந்த நேரத்தில் வாந்தி வந்தால் குழந்தைக்கு விழித்து இருமத் தெரியாது. இருட்டில், பாட்டுச் சத்தத்தில், "நல்லா தூங்குறான்" என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருப்போம். சில குழந்தைகளுக்கு இதே மருந்து நேர்மாறாக வேலை செய்து, தூங்காமல் மணிக்கணக்கில் துள்ள வைப்பதும் உண்டு.

சரி, அவன் ஏன் அழுகிறான்? பிடிவாதம் என்று முடிவு செய்வதற்கு முன் சீட்டைப் பாருங்கள். இப்படி அழும் குழந்தைகளைக் கொண்டுவந்தால், கீழே கார் நிற்கும் இடத்துக்கே இறங்கிப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். நாடா ஒரு இடத்தில் முறுக்கிக்கொண்டு கழுத்தோரம் சிவந்த கோடு போட்டிருக்கும். பக்கிள் தொடையை அழுத்தும். இல்லையென்றால் வெயிலில் நின்ற காரில் அந்தப் பக்கிளே தொட முடியாத சூட்டில் இருக்கும். பல சமயம் நாடா தளர்வாக இருக்கும், குழந்தை சறுக்கிச் சறுக்கி இடுப்பு வலித்து அழும். தோளுக்குப் பக்கத்தில் நாடாவை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். ஏர்கானுக்குப் பயந்து தடித்த சுவெட்டர் போட்டு நாடா மாட்டாதீர்கள். மெல்லிய சட்டையோடு மாட்டிவிட்டு, மேலே போர்வை போர்த்துங்கள். பின்புறம் பார்த்து உட்காரும் வகையில் அந்த சீட்டில் இன்னும் இடம் இருந்தால் அப்படியே விடுங்கள், கழுத்துக்கு அதுதான் பாதுகாப்பு. பழைய வகை சீட்டுகள் பலவற்றில் 13 கிலோ வரைதான் அப்படி உட்காரலாம். ஒட்டியிருக்கும் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடியில் வைப்பதைப் பற்றி உங்கள் மாமியாரிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், 12 கிலோ குழந்தை 200 கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தின் விசையோடு முன்னால் பாயும். எந்தப் பாட்டியின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. நெடுஞ்சாலையில் நாம் போவதோ 110. ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டால், பெரியவரின் உடம்பே குழந்தையை நசுக்கிவிடும். நம் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் சைல்டு சீட் கட்டாயம். சட்டத்தை விடுங்கள், எனக்கு அந்த 200 கிலோதான் பெரிய பயம்.

வாந்திக்கு வருவோம். உண்மையான பயண வாந்தி இரண்டு வயதுக்கு முன் அதிகம் வருவதில்லை, அதற்குப் பிறகுதான் கூடும். உங்கள் மகன் கிளம்பும்போது ஒரு பாட்டில் பால் முழுக்கக் குடித்தானா? அழுது அழுது இருமிய பிறகா வாந்தி வந்தது? இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்தை நோக்கி ஏறும் வளைவுகளும் சேர்ந்துகொண்டிருக்கலாம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இட்லியோ, ரொட்டியோ, வாழைப்பழமோ கொஞ்சமாகக் கொடுங்கள். நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் பெரியவர்களுக்கு இருக்கட்டும். காருக்குள் தொங்கும் வாசனைப் பொருளைக் கழற்றிவிடுங்கள். கைபேசியைக் கையில் கொடுத்துக் குனிந்து பார்க்க வைத்தால் குமட்டல் கூடும். பயண வாந்தி மாத்திரைகளும் இந்த வயதுக்கு வேண்டாம்.

ஓடும் காரில் தின்னக் கொடுக்காதீர்கள். முக்கியமாக ஈப்போ புந்தோங்கில் வாங்கும் கச்சான் பூத்தே, முறுக்கு, முழுக் கடலை, கொட்டையோடு ரம்புத்தான், முழுத் திராட்சை எதுவும் வேண்டாம். தொண்டையில் சிக்கினால் சத்தமே வராது. ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்க முடியாது, நெடுஞ்சாலையில் உடனே ஒதுங்கவும் முடியாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்துங்கள். தாப்பா, சுங்கை பேராக், குனோங் செமாங்கோல் ஓய்விடங்கள் உங்கள் வழியில் வரும். அரை மணி நேரம் அவனை ஓட விடுங்கள். சீட்டில் மூன்று மணி நேரம் கட்டி வைத்தால் எந்தக் குழந்தையும் கத்தும், அது நோய் இல்லை. அழுகையை அடக்குவதற்காக அவசரப் பாதையில் மட்டும் நிறுத்தாதீர்கள். லாரி வந்து இடிக்கும் இடம் அது. பண்டிகை நெரிசலில் நான்கைந்து மணிப் பயணம் எட்டு, பத்து மணி நேரமாக இழுக்கும். விடியற்காலையில் கிளம்பினால் பாதி வழி தூக்கத்திலேயே கழியும். ஆனால் உங்கள் கணவர் முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். வேலை முடிந்து வந்து நள்ளிரவில் கிளம்புவது வேண்டாம்.

தூங்குகிறானே என்று அவனைக் காரில் விட்டுவிட்டு டாய்லெட்டுக்குக்கூடப் போகாதீர்கள். நம் வெயிலில் பத்தே நிமிடத்தில் காருக்குள் வெப்பம் 10 டிகிரி ஏறிவிடும். குழந்தையின் உடல் நம்மைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகும்.

மருந்துப் பையில் பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி, தெர்மாமீட்டர், ஊசியில்லாத சிரிஞ்ச் போதும். பாராசிட்டமால் சிரப் இங்கே 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வலிமையில் விற்கிறது. 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். முதல் வகையில் அது 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லிதான். பாட்டிலை மாற்றி எடுத்தால் இரு மடங்கு போய்விடும். அண்ணி வீட்டு பாட்டிலாக இருந்தாலும் லேபிளைப் படித்துவிட்டே ஊற்றுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம்.

பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் டயபர் நனையாமல் இருந்தாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ, பினாங்கு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அடுத்த ஊரிலேயே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு சரியில்லை என்றால் உடனே அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

உங்கள் மாமியாரைப் பின்சீட்டில் அவன் பக்கத்திலேயே உட்கார வையுங்கள், அவர் பெல்ட்டை அவரும் போட்டுக்கொள்ளட்டும். ஒரு கையை அவன் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு கதை சொல்லச் சொல்லுங்கள். இப்போதே தினமும் கால் மணி நேரம் அந்த சீட்டில் உட்கார வைத்து, பாட்டியோடு பத்துமலை வரைக்கும் போய் வாருங்கள்.