கடைக்கே போக முடியாவிட்டால் எங்கள் வீட்டுச் சாமான் எத்தனை நாள் வரும்?

கேள்வி: கடைகள் திடீரென்று மூடிவிட்டால், உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் உணவுப் பொருட்களை வைத்து எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?

எங்கள் வீட்டில் 11 நாள். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கீழே இறக்கி எடை போட்டுக் கணக்குப் பார்த்தோம்.

வீட்டில் நான்கு பேர்: நான், கணவர், 13 வயது மகன், மாமியார். எடை போடுவதற்கு முன்னால் ஆளுக்கு ஓர் எண் சொன்னோம். நான் ஒரு மாதம் என்றேன். கணவர் மூன்று வாரம் என்றார். அத்தை அரிசி டப்பாவைத் திறந்து, கையை அடிவரை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "பத்து நாள் தாண்டாதும்மா" என்றார்கள்.

தராசில் வந்தது இது: அரிசி 11 கிலோ, கோதுமை மாவு 4 கிலோ, எல்லாப் பருப்பும் பயறும் சேர்த்து 3.2 கிலோ, எண்ணெய் 1.6 லிட்டர், சர்க்கரை ஒன்றரைக் கிலோ, வேர்க்கடலை 600 கிராம், பால் பவுடர் 400 கிராம், உருளைக்கிழங்கும் வெங்காயமும் 2 கிலோ வீதம், 9 முட்டை, கொஞ்சம் பிஸ்கட். பருப்பு 4 கிலோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அலமாரியின் பின்வரிசையில் இருந்த ஒரு டப்பாவைத் தட்டில் கொட்டியபோது, பருப்பு ஒவ்வொன்றிலும் ஊசிமுனை அளவு ஓட்டை, அடியில் வெள்ளை மாவு, அதில் ஊரும் வண்டுகள். அந்த 800 கிராமை அப்படியே கழித்துவிட்டோம். எப்போது வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லை.

இனி கணக்கு. நிவாரண முகாம்களுக்கு உணவு திட்டமிடும்போது ஐ.நா. அமைப்புகள் தலைக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்று எடுத்துக்கொள்வார்கள். குழந்தை, பெரியவர், முதியவர் எல்லோரையும் சேர்த்த சராசரி அது. நான்கு பேருக்கு 8,400. அரிசி 100 கிராமுக்குச் சுமார் 360, மாவும் பருப்பும் சுமார் 340, சர்க்கரை 390, வேர்க்கடலை 570, எண்ணெய் கிட்டத்தட்ட 900. இவை எல்லாம் வேகவைக்காத எடைக்கான கணக்கு. வெந்த சாதம் தண்ணீரை இழுத்து ஊதிவிடுவதால், அந்த எடையை வைத்துப் போட்டால் தப்பாகிவிடும். பால் பவுடர், உருளைக்கிழங்கு, முட்டை என்று மற்றதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் சுமார் 93,000 கிலோகலோரி. அதை 8,400 ஆல் வகுத்தால் 11 நாள்.

என் ஒரு மாதம் எங்கே போனது என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். மாதத்துக்கு ஒரு முறை வாங்கும் சாமான் மாதம் முழுக்க வருகிறதே! விஷயம் இதுதான்: அந்தச் சாமான் மட்டும் எங்களுக்குச் சோறு போடுவதில்லை. பால், தயிர், காய்கறி, பழம், ரொட்டி, முட்டை, பையன் வெளியில் சாப்பிடுவது, கணவர் வேலையிடத்தில் சாப்பிடுவது எல்லாம் தினமும் வீட்டுக் கதவைத் தாண்டி வந்துகொண்டே இருக்கின்றன, அல்லது கதவுக்கு வெளியிலேயே முடிந்துவிடுகின்றன. கடை மூடினால் இவை எல்லாம் ஒரே நாளில் நிற்கும். அந்தப் பாரம் முழுவதும் அரிசி டப்பாவின் மேல் வந்து விழும். ஐ.நா.வின் உலக உணவுத் திட்ட அமைப்பின் வழக்கமான பங்கீட்டில் தலைக்கு நாளொன்றுக்குத் தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம் என்று வரும். அந்த அளவில் எங்கள் பருப்பு 13 நாள் வரும், எண்ணெய் 14 நாள் வரும். தானியம் 9 நாளிலேயே தீர்ந்துவிடும். வீட்டில் எது அதிகமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேனோ அதுதான் முதலில் காலியாகிறது.

ஃபிரிட்ஜில் இருப்பதைப் பெரிதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடை மூடுகிற அளவுக்கு ஏதாவது நடந்தால் மின்சாரமும் போக வாய்ப்பு உண்டு. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம். அதனால் சாப்பிடும் வரிசை முக்கியம்: முதலில் ஃபிரிட்ஜ், அடுத்து ஃப்ரீசர், கடைசியில்தான் அலமாரி.

அப்புறம் தண்ணீர். உண்மையில் என்னைப் பயமுறுத்தியது இதுதான். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தலைக்கு நாளொன்றுக்கு இரண்டரை முதல் 3 லிட்டர் வேண்டும். நான்கு பேருக்குக் குறைந்தது 10 லிட்டர். எங்களிடம் 20 லிட்டர் கேன் இரண்டு இருந்தன. குழாயும் நின்றுவிட்டால் அது 4 நாள்தான். தண்ணீரும் அடுப்பும் இல்லாவிட்டால் 11 நாளுக்கான அரிசியும் பருப்பும் வெறும் தானியம், அதைச் சாப்பிட முடியாது. அதே போலத்தான் கேஸும். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அன்று எங்களால் சொல்லவே முடியவில்லை. பருப்பையும் பயறையும் இரவே ஊறவைத்தால் வேகும் நேரம் நன்றாகக் குறையும், கேஸ் மிச்சமாகும். முழுப் பயறை முளைகட்டினால் அதில் வைட்டமின் சி உண்டாகும். காய், பழம் தீர்ந்த பிறகு அதுவே பச்சைக் காய்க்கு ஈடு.

கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது பையன் கேட்டான்: "பாதிப் பாதியாச் சாப்பிட்டா 22 நாள் வருமே அம்மா?" கணக்குச் சரிதான், உடம்பு ஒத்துக்கொள்ளாது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கிலோகலோரி மட்டும் கொடுத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். எங்கள் 2,100இல் பாதி 1,050, அதைவிட இது அதிகம்தான். முடிவில் உடல் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. எப்போதும் குளிர், எரிச்சல், நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்களாம். இரண்டு வாரத்துக்குப் பெரியவர்கள் நாங்கள் இருவரும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வளர்கிற பையன் தட்டிலும் அத்தை தட்டிலும் கை வைக்க மாட்டேன்.

அத்தை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சாமானை அடுக்கி முடித்த பிறகு, அவர்கள் தம் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ரத்த அழுத்த மாத்திரை 6 இருந்தது. அரிசி எத்தனை நாள் என்று ஒரு பகல் முழுக்க எண்ணினோம், இதை யாரும் எண்ணவில்லை. மறுநாள் காலையிலேயே முதல் வேலையாக அதை வாங்கினோம். உங்கள் வீட்டில் தினசரி மருந்து எடுப்பவர் இருந்தால், கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.

11 நாள் குறைவா அதிகமா என்று கேட்டால், ஜெர்மனி அரசு தன் மக்களிடம் முடிந்தால் 10 நாளுக்கான இருப்பு வைக்கச் சொல்கிறது. ஸ்வீடன் 2024 நவம்பரில் வீடு வீடாக அனுப்பத் தொடங்கிய கையேட்டில் ஒரு வாரம் சொந்தமாகச் சமாளிக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் சொன்னது 72 மணி நேரம். ஆனால் அவர்கள் தண்ணீரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நாங்கள் 4 நாள் வீடுதான்.

சரி, என்ன செய்தோம்? 14 நாள் என்று இலக்கு வைத்தோம். அதற்கு 1,17,600 கிலோகலோரி வேண்டும், குறைவது 24,600. 5 கிலோ அரிசியும் 2 கிலோ பருப்பும் 24,800 தரும். அவ்வளவுதான், ஒரே தடவையில் வாங்கும் அளவு. அரிசி வெள்ளை அரிசியாகவே வாங்கினோம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். முழுக் கோதுமை மாவும் அப்படித்தான், அதை முதலில் தீர்க்கிறோம். வெள்ளை அரிசி காற்றுப் புகாமல் மூடி உலர்ந்த இடத்தில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். தண்ணீருக்கு மூடியுள்ள கேன்கள் இன்னும் ஐந்து வாங்கி நிரப்பியிருக்கிறோம். மாற்று சிலிண்டர் ஒன்றும் இருக்கிறது.

தனியாகப் பூட்டி வைக்கும் இருப்பு என்று எதுவும் இல்லை. புதிதாக வருவது பின்வரிசைக்குப் போகும், சமைப்பது முன்வரிசையிலிருந்து. ஒவ்வொரு டப்பா மூடியிலும் வாங்கிய தேதியைப் பையன் மார்க்கரில் எழுதுகிறான். வண்டு பிடித்த அந்தப் பருப்பு டப்பாவைக் கழுவிக் காயவைத்து, முதல் தேதியை அதில்தான் எழுதினான்.