டிடெக்டர் மாட்டியாகிவிட்டது, சத்தம் எங்கே?

கேள்வி: வீட்டுக்காக ஆன்லைனில் நான்கு ஸ்மோக் டிடெக்டர் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் பேட்டரி போட இடமே இல்லை, பின்பக்கம் ஒயர் மாட்டும் திருகுகள் மட்டும்தான். கேட்டால், 'பேனல் தனியாக வாங்கணும்' என்கிறார் விற்றவர். என்னை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள், கேட்ட பொருள்தான் வீட்டுக்கானது இல்லை. டிடெக்டர் புகையைக் கண்டுபிடித்துப் பேனல் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தகவல் சொல்லும், அவ்வளவுதான், அதற்கு வாய் கிடையாது. ஹூட்டர் என்கிற சைரனை அலறவிடுவது பேனல். வீட்டுக்கு வேண்டியது ஸ்மோக் அலாரம். சென்சார், பேட்டரி, சைரன் எல்லாம் ஒரே வட்டப் பெட்டிக்குள் இருக்கும். விளம்பரங்களில் இரண்டு பெயரையும் கலந்துகட்டி எழுதுகிறார்கள், அதனால் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்க லேபிளில் தர எண்ணைப் பாருங்கள். ஈஎன் (EN, ஐரோப்பியத் தரம்) 14604 அல்லது யூஎல் (UL, அமெரிக்கத் தரம்) 217 என்றிருந்தால் தானே கத்தும் அலாரம். ஈஎன் 54, யூஎல் 268 என்றிருந்தால் பேனலோடு சேர வேண்டியது. எந்தத் தர எண்ணும் இல்லாமல் வருவதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டு, ஒன்றோடொன்று இணையும் வகை அலாரமாக வாங்குங்கள். கீழே ஹாலில் புகை கிளம்பினால், மாடியில் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறவர் அறையிலும் அதே நேரத்தில் சத்தம் வரவேண்டும். ஒயர் இழுக்க மனமில்லை என்றால் வயர்லெஸ்ஸில் இணைவதும் கிடைக்கிறது. மொபைலுக்குச் செய்தி அனுப்பும் ஆப் வசதிக்குத்தான் பலர் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்கள். வெளியூரில் இருக்கும்போது அது உதவும், சரி. ஆனால் நடுராத்திரி போனை சைலண்டில் போட்டுத் தூங்குகிறவரை அது எழுப்பாது. அந்தக் காசுக்கு இன்னொரு படுக்கையறையில் ஒரு அலாரம் மாட்டிவிடலாம்.

கேள்வி: ஃபோட்டோஎலக்ட்ரிக், அயனைசேஷன் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எதை வாங்குவது? எங்கள் வீட்டில் ஏற்கெனவே சமையலறையில் ஒன்று இருக்கிறது, அடுப்பில் எதையாவது வைத்தாலே கத்துகிறது.

பதில்: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஃபோட்டோஎலக்ட்ரிக். அதன் உள்ளே ஒரு கறுப்பு அறை, அதில் ஒரு சின்ன விளக்கு, அந்த வெளிச்சம் நேராகப் படாத கோணத்தில் ஒரு சென்சார். புகைத் துகள் நுழைந்ததும் வெளிச்சம் சிதறிச் சென்சார் மேல் விழும், உடனே சைரன். மெத்தையில் விழுந்த சிகரெட் கங்கு, சோபாவுக்குள் கனன்றுகொண்டிருக்கும் பஞ்சு, இந்த மாதிரி தீ எரியாமல் புகையாகவே வெகுநேரம் இருப்பதை இதுதான் சீக்கிரம் பிடிக்கும். தூங்கும் நேரத்தில் பயப்பட வேண்டியது இந்த வகையைத்தான். அயனைசேஷன் வகையில் துளியூண்டு அமெரிசியம்-241 இருக்கும் (கதிரியக்கப் பொருள்தான், பெட்டியை உடைத்துப் பார்க்காதவரை பயமில்லை). காகிதம், திரைச்சீலை என்று பட்டென்று பற்றி எரியும் தீயை அது கொஞ்சம் முந்திப் பிடிக்கும், ஆனால் சமையல் புகைக்குத் தேவையில்லாமல் கத்துவதும் பெரும்பாலும் அதுதான். உங்களுடையது அந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், லேபிளைப் பாருங்கள்.

அதைவிட முக்கியம், மாட்டிய இடமே தப்பு. அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டராவது தள்ளி மாட்ட வேண்டும். சமையலறைக்குள்தான் வேண்டுமென்றால் ஹீட் அலாரம் வாங்குங்கள், ஏறக்குறைய 57 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் கத்தும். ஆனால் அதையே படுக்கையறையிலும் மாட்டிவிடாதீர்கள், அந்த அளவு சூடு வருவதற்குள் புகை ஆளைச் சாய்த்துவிடும். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று, அறைகளுக்கு வெளியே நடைவழியில் ஒன்று, ஒவ்வொரு மாடியிலும் குறைந்தது ஒன்று. சீலிங்கின் நடுப்பகுதி நல்லது. சுவரும் சீலிங்கும் சேரும் மூலை, ஃபேனுக்குப் பக்கம், ஏசி காற்று நேராக அடிக்கும் இடம், குளியலறைக் கதவுக்கு எதிர்ப்பக்கம் எல்லாம் வேண்டாம். வெள்ளையடிக்கிறவர் அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டுப் போவதும் நடக்கிறது. அப்படி அடித்தால் அதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

கேள்வி: அலாரம் நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்கிறது. தொல்லை தாங்காமல் பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

பதில்: பேட்டரி தீரப்போகிறது என்று சொல்லத்தான் பெரும்பாலும் அப்படிக் கீச்சிடும், இன்றைக்கே புதுப் பேட்டரி போடுங்கள். போட்ட பிறகும் கீச்சிட்டால் பின்னால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், 10 வருடம் தாண்டியிருந்தால் சென்சாரே தேய்ந்திருக்கும், மாற்றிவிட வேண்டியதுதான். வாங்கின தேதி கணக்கில்லை, தயாரித்த தேதி. கடையில் ரொம்ப நாள் கிடந்த பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தலையில் கட்டுவார்கள், கவனம். புதிதாக வாங்கும்போது 10 வருட பேட்டரியை உள்ளேயே வைத்து சீல் செய்த வகையாகப் பார்த்தால் இந்தத் தொல்லையே இல்லை. அப்புறம், மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். வீட்டில் காது மந்தமானவரோ, இடி விழுந்தாலும் எழாத பிள்ளையோ இருந்தால் 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த சத்தம் தரும் அலாரம் கேளுங்கள். வழக்கமான கீச்சுக்குரலுக்கு எழாதவர்களில் பலர் அதற்கு எழுந்துவிடுகிறார்கள். தலையணைக்கு அடியில் வைத்தால் அதிர்ந்து எழுப்பும் சாதனமும் உண்டு.

கேள்வி: கடை, பின்னால் குடோன், மேலே ஒரு சின்ன ஆபீஸ். ஃபயர் அலாரத்துக்கு இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்று கன்வென்ஷனல், இன்னொன்று அட்ரஸபிள், விலை நிறைய வித்தியாசம். எது சரி? இன்னொன்று, திருட்டு பயத்தால் குடோனின் பின்கதவை வேலை நேரத்திலும் பூட்டித்தான் வைக்கிறோம்.

பதில்: பின்கதவை முதலில் பேசுவோம். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள், அங்கேயும் படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டியிருந்தது, திருட்டு பயத்தைத்தான் அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். உள்ளிருந்து கம்பியைத் தள்ளினால் திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத 'பேனிக் பார்' பூட்டு கிடைக்கிறது, திறந்தால் அலறுகிற மாதிரியும் உண்டு. அலாரத்துக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

இனி கொட்டேஷன். கன்வென்ஷனலில் பேனல் 'இரண்டாம் பகுதியில் தீ' என்று மட்டும் சொல்லும், அட்ரஸபிளில் எந்த டிடெக்டர் என்பதையே காட்டும். பெரிய கட்டடத்தில் அது வேண்டும், உங்கள் அளவுக்குக் கடை, குடோன், ஆபீஸ் என்று மூன்று பகுதியாகப் பிரித்தாலே போதும். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் தீயணைப்புத் துறையும் உங்கள் இன்சூரன்ஸும் என்ன கேட்கின்றன என்று விசாரித்துவிடுங்கள், அவர்கள் இதுதான் வேண்டும் என்றால் என் பதிலுக்கு மதிப்பில்லை. இரண்டு கம்பெனியிடமும் சில கேள்விகள் கேளுங்கள். பேனலின் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கும்? (தர மாட்டோம் என்றால் காலம் முழுக்க அவர்களிடமே சர்வீஸ் என்று அர்த்தம்.) வேறு கம்பெனி டிடெக்டர் இந்தப் பேனலில் வேலை செய்யுமா? கரண்ட் போனால் பேட்டரி 24 மணி நேரமாவது தாங்குமா? ஒப்படைக்கும்போது ஒவ்வொரு டிடெக்டரையும் உங்கள் கண் முன்னால் புகை காட்டிச் சோதிப்பார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்தக் கொட்டேஷனை ஓரமாக வைத்துவிடலாம்.

கேள்வி: தீயை அணைக்க ஒரு ஏபிசி பவுடர் சிலிண்டர் எல்லாத்துக்கும் போதும் என்கிறார்களே?

பதில்: வீட்டுக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் கம்ப்யூட்டர் மேல் அடித்தால் தீயோடு கம்ப்யூட்டரும் போச்சு, அங்கே கார்பன் டை ஆக்சைடு வகை வையுங்கள். பெரிய அளவில் எண்ணெய் காயவைக்கும் சமையலறைக்குத் தனி வெட் கெமிக்கல் வகை உண்டு, எரியும் எண்ணெயில் தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. பவுடர் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும், சர்வீஸ் செய்ய வருகிறவர் தராசில்லாமல் வந்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனால் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். சின்ன சிலிண்டர் சுமார் 10 வினாடிதான் அடிக்கும், அதனால் அடுப்புக்கு மேலே மாட்டாமல் வெளியேறும் வாசல் பக்கம் மாட்டுங்கள்.