வேலைக்குத் திரும்பிய அம்மாக்கள் கேட்டவை

கேள்வி: அக்கா, 26 வாரம் லீவு முடிஞ்சு பேங்க் வேலைக்குத் திரும்பிட்டேன். மதியம் ஒரு தடவை பம்ப் வெச்சா ரெண்டு பக்கமும் சேர்த்து 60 மி.லி. தான் வருது. வீட்டுல அத்தை ஒரு வேளைக்கு 200 மி.லி. குடுக்கிறாங்க, பத்தலைன்னு பவுடர் பாலும் சேர்க்கிறாங்க. பால் வத்திடுச்சா?

பதில்: வற்றவில்லைம்மா. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு மணிக்குச் சுமார் 30 மி.லி. வேண்டும். பத்து மணி நேரம் நீங்கள் வெளியே இருந்தால் 300 மி.லி. போதும். இணை உணவு தொடங்கிவிட்டால் அதைவிடக் கொஞ்சம் குறையலாம். 200 மி.லி. புட்டி பெரிய அளவு. புட்டியில் பால் தானாக ஒழுகுவதால் வயிறு நிறைந்த பிறகும் குழந்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். அத்தையிடம் 60, 90 மி.லி. என்று சின்னச் சின்ன அளவாக, நிறுத்தி நிறுத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வீடு சேரும் நேரத்துக்கு முந்தைய வேளையை இன்னும் குறைக்கச் சொல்லுங்கள். பசியோடு இருக்கும் பிள்ளை, நீங்கள் வந்ததும் மார்பில் நன்றாகக் குடிக்கும்.

மதியம் மட்டும் எடுப்பதுதான் உங்கள் சிக்கல். பால் மார்பிலேயே தேங்கினால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். காலை 11, மதியம் 1.30, மாலை 4 என்று மூன்று முறை, கால் மணி நேரம் போதும். முதலில் வேகமான, மெல்லிய இழுப்பு. பால் பீறிட ஆரம்பித்ததும் மெதுவான, ஆழமான இழுப்பு. பீறிடுவது சொட்டுச் சொட்டானதும் பம்பை எடுத்துவிடாதீர்கள். உள்ளங்கையால் மார்பை மென்மையாக அழுத்துங்கள், மறுபடி வரும். பம்பின் புனலுக்குள் காம்பு உரசாமல் போய்வருகிறதா என்றும் பாருங்கள். அளவு தப்பினால் வலிக்கும், பாலும் குறையும்.

இரவில் பாலூட்டுவதை நிறுத்தாதீர்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை பம்பைத் தொடவே வேண்டாம், நேரடியாகவே கொடுங்கள்.

கேள்வி: மேடம், நான் பனியன் கம்பெனியில டைலர். பம்ப் வாங்க வசதியில்லை, கம்பெனியில பிரிட்ஜும் கிடையாது.

பதில்: கையே போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். காம்பின் அடியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, மேலே கட்டைவிரல், கீழே மற்ற விரல்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலில் தேய்க்கக் கூடாது. ஒரே இடத்தில் நிற்காமல் விரல்களைச் சுற்றிலும் மாற்றி மாற்றி வையுங்கள். கொதிக்க வைத்த மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் பிடித்து, ஐஸ் பேக் போட்ட பெட்டியில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். வெளியே வைத்தால் 4 மணி நேரம்தான், அதுவும் 25 டிகிரி வரைதான். நம் ஊர் வெயிலில் அதை நம்ப வேண்டாம்.

இதையும் சொல்லியாக வேண்டும்: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தினம் நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளையும் உண்டு. இது சலுகை இல்லை, உங்கள் உரிமை. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: பிரிட்ஜில வெச்ச பால் மேல ஆடை மாதிரி பிரிஞ்சிருந்தது, கெட்டுப்போச்சுன்னு அம்மா கொட்டிட்டாங்க.

பதில்: ஐயோ, அது கொழுப்பு! மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். பிரிட்ஜில் 4 நாள், பிரீசரில் 6 மாதம் வைக்கலாம். வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்குங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வேண்டாம். குழந்தை வாய் வைத்த மீதியை மட்டும் 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: புட்டியைப் பார்த்தாலே அழுகிறான்.

பதில்: விடுங்கள், பாலாடையிலோ (குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு) சின்னக் கிண்ணத்திலோ கொடுக்கலாம்.

கேள்வி: பூண்டு, சுறாப்புட்டு சாப்பிட்டா பால் ஊறுமா? மாத்திரை எடுக்கலாமா?

பதில்: நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் பாலை எடுக்காமல் எதைச் சாப்பிட்டும் பயனில்லை. மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். பால் சுரக்கச் சிலர் எடுக்கும் டோம்பெரிடோன் மாத்திரை சிலருக்கு இதயத் துடிப்பையே பாதிக்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பாலைக் குறைக்கலாம், அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன், பால் கட்டி ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்கு.

பதில்: அழுத்திப் பிசையாதீர்கள், வீக்கம் கூடும். எப்போதும் போல் பாலூட்டுங்கள், இடையில் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். காய்ச்சல், சிவப்பு, குளிர் நடுக்கம் இருந்து ஒரு நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள். பாலூட்டுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொன்னால் அதற்கேற்ற மருந்து தருவார். பெரும்பாலும் பாலை நிறுத்தத் தேவை இருக்காது.