முதல் வார்ஹம்மர் போட்டிக்குப் போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். மூன்று வருஷமாக நண்பர்கள் வீட்டில் மாதம் இரண்டு முறை வார்ஹம்மர் 40,000 (மேசை மேல் குட்டிப் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு) ஆடுகிறோம். என்னுடையது ஸ்பேஸ் மரீன் படை. அதில் பாதிக்கு, சுமார் முப்பது பேருக்கு, இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. எங்கள் ஊர்க் கடை ஒன்றில் ஆறு வாரம் கழித்து ஒருநாள் போட்டி வைக்கிறார்கள். படைக்கு 2,000 பாயிண்ட் (ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது சேர்ந்து நகரும் வீரர் குழுவுக்கும், இத்தனை பாயிண்ட் என்று விலை உண்டு), ஆளுக்கு மூன்று ரவுண்டு, அதாவது மூன்று ஆட்டம். போக ஆசை. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் கைதேர்ந்தவர்களாக இருப்பார்களே, மூன்றிலும் அடிவாங்கிக்கொண்டு வருவேனோ என்று தயக்கம். இன்னும் ஒரு வருஷம் பழகிவிட்டுப் போகட்டுமா? புதிதாக வலுவான யூனிட்டுகள் வாங்க வேண்டுமா?

பதில்: இந்தப் போட்டிக்கே போங்கள். ஒரு வருஷம் காத்திருந்தால் அதே நண்பர்களின் அதே படைகளை ஜெயிப்பதில்தான் இன்னும் தேர்ச்சி பெறுவீர்கள். அறியாத படை, அறியாத ஆள், கெடு வைத்த நேரம் மூன்றையும் ஒன்றாகச் சமாளிக்கப் போட்டி மேசையில் மட்டும்தான் கற்றுக்கொள்ள முடியும்.

மூன்றிலும் தோற்றுவிடுவோமோ என்ற பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்தப் போட்டிகளில் எதிராளியைப் பெரும்பாலும் சுவிஸ் முறையில்தான் சேர்க்கிறார்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடை நீங்கள் பார்த்திருந்தால் அந்த முறை உங்களுக்குப் பழக்கமானதுதான்: யாரும் வெளியேறுவதில்லை, ஜெயித்தவர் ஜெயித்தவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த ரவுண்டில் மோதுவார்கள். பதினாறு பேர் வந்து, எந்த ஆட்டமும் சமனில் முடியாவிட்டால், மூன்று ரவுண்டு கழித்து மூன்றையும் ஜெயித்தவர் இருவர், மூன்றையும் தோற்றவர் இருவர். மீதிப் பன்னிரண்டு பேரும் நடுவில் இருப்பார்கள். முதல் ரவுண்டில் பெரிய ஆட்டக்காரரிடம் மாட்டினாலும் இரண்டாவது ரவுண்டில் எதிரில் வருபவர் உங்களைப் போல முதல் ஆட்டத்தைத் தோற்றவராகத்தான் இருப்பார். ஒரு வெற்றியாவது கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

வீட்டு ஆட்டத்துக்கும் போட்டிக்கும் உள்ள பெரிய வித்தியாசம், என் அனுபவத்தில், எதிராளியின் திறமை இல்லை, நேரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரவுண்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். படையை எடுத்து வைக்கவும் பேசிக்கொள்ளவும் கால் மணி நேரம் போய்விடும். மீதி 150 நிமிடம். ஆட்டம் ஐந்து சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இருவருக்கும் ஒரு டர்ன், ஆக மொத்தம் பத்து டர்ன். ஒரு டர்னுக்குப் பதினைந்து நிமிடம். நண்பர் வீட்டில் காபி குடித்துக்கொண்டு, விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு ஆடும் முதல் டர்னுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அடுத்த முறை பாருங்கள். நாற்பது நிமிடம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

என் முதல் போட்டிக்கு நான் ஓர்க் என்ற பச்சைத்தோல் அரக்கர் படையைக் கொண்டுபோனேன். அதில் அறுபது பேர் காலாட்படை. ஒவ்வொரு டர்னிலும் அறுபது பேரையும் ஒவ்வொருவராக டேப் வைத்து அளந்து, நகர்த்தி, விழுந்தவரை நிமிர்த்தி வைத்தேன். மூன்றாவது ரவுண்டில், இரண்டாம் சுற்று முடிந்தபோது மணி அடித்துவிட்டது. எதிரில் நின்றவர் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர். கை குலுக்கினார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பின்னால் இறக்கலாம் என்று மேசை ஓரத்தில் ரிசர்வில் வைத்திருந்த ஐந்து டெர்மினேட்டர்களை, அதாவது கனத்த கவச வீரர்களை, கடைசிவரை இறக்காமலேயே பெட்டிக்குள் அடுக்கினார். அவருடைய திட்டமே மூன்றாம் சுற்றுக்குத்தான் இருந்திருக்கிறது. நான் தோற்றது மறந்துபோய்விட்டது, அந்த ஐந்து டெர்மினேட்டர்கள் இன்னும் மனசில் நிற்கிறார்கள். அவருடைய ஞாயிற்றுக்கிழமையில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.

அதனால் இந்த ஆறு வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் வேகம் பழகுவது. ஃபோனில் செஸ் கடிகார ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, ஆளுக்கு எழுபத்தைந்து நிமிடம் வைத்து நண்பரோடு ஆடுங்கள். ஒரு யூனிட்டை நகர்த்தும்போது முன்வரிசையில் ஒருவரை மட்டும் அளந்து வைத்துவிட்டு மற்றவர்களை அவருக்குப் பின்னால் சேர்த்து வையுங்கள். யாரும் தன் தூரத்தைத் தாண்டவில்லை என்றால் போதும். பகடைகளை ஒரே நிறத்தில் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்திருங்கள், எண்ணுவதில் நேரம் போகாது. உங்கள் துப்பாக்கிகளின் எண்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். எதிராளி யோசிக்கும் நேரம்தான் நீங்கள் யோசிக்க வேண்டிய நேரமும்.

இதிலிருந்தே உங்கள் இன்னொரு கேள்விக்கும் பதில் வருகிறது: புதிய யூனிட் வாங்காதீர்கள். மூன்று வருஷம் ஆடிய படையின் விதிகள் உங்கள் கையில் இருக்கின்றன. இணையத்தில் ஜெயித்த லிஸ்டை, அதாவது படைப் பட்டியலை, பார்த்து வாங்கினால் அதை ஒட்டவும் பெயின்ட் அடிக்கவும் படிக்கவும் ஆறு வாரமும் கரைந்துவிடும். தவிர, இந்த ஆட்டத்தைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் பாயிண்டுகளை வருஷத்தில் பல முறை மாற்றுகிறது. இன்று மலிவாக இருப்பது உங்கள் மேசைக்கு வரும்போது விலை ஏறியிருக்கலாம். இப்போதே ஒரு லிஸ்டை முடிவு செய்து, அதையே ஐந்தாறு முறை ஆடுங்கள். லிஸ்டைக் கொடுக்கக் கடைசி நாள் எது, எந்தத் தேதிவரை வந்த பாயிண்ட் செல்லும் என்பதெல்லாம் போட்டிக்காரர்கள் தரும் விதித்தாளில் இருக்கும். அதை ஒரு முறை வரி விடாமல் படித்துவிடுங்கள்.

ஒரே ஒரு மாற்றம் மட்டும் பரவாயில்லை. வீட்டில் நாம் எல்லோரும் எதிரியை அழிக்கத்தான் ஆடுகிறோம், போட்டியில் எண்ணுவது மதிப்பெண்ணை. 2023-ல் வந்த பத்தாம் பதிப்பின் கணக்கில் மொத்தம் 100. மேசையில் இருக்கும் குறியிடங்களைப் பிடித்து வைத்திருப்பதற்கு 50 வரை, டர்ன்தோறும் சீட்டில் வரும் சின்னச் சின்ன வேலைகளுக்கு 40 வரை, படைக்கு முழுக்க வண்ணம் பூசியிருந்தால் 10. படை மொத்தமும் அழிந்துபோனவர் மதிப்பெண்ணில் ஜெயித்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அதனால் ஸ்கவுட் (வேவு வீரர்கள்), ஜம்ப் பேக் வீரர்கள் (முதுகில் பறக்கும் கருவி கட்டியவர்கள்) என்று ஐந்து ஐந்து பேர் கொண்ட இரண்டு மலிவான யூனிட்டாவது லிஸ்டில் இருக்கட்டும். யாரையும் கொல்வது அவர்கள் வேலை இல்லை. மேசையின் மூலைக்கு ஓடுவார்கள், எதிராளி பக்கம் போய் நிற்பார்கள், சீட்டு சொல்வதைச் செய்வார்கள். உங்கள் பெரிய டேங்க் நடுவில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, மதிப்பெண் கொண்டுவருவது அந்தப் பத்துப் பேர்தான்.

மேசையும் உங்களுக்குப் புதிதாக இருக்கும். வீட்டில் நாலு கட்டடம் வைத்து ஆடியிருப்பீர்கள், அங்கே மேசை முழுக்க இடிந்த சுவர்கள். இடிபாடுகளுக்கான விதிப்படி, அதன் மறுபக்கம் நிற்பவரை, ஜன்னல் வழியே கண்ணுக்குத் தெரிந்தாலும், சில விதிவிலக்குகள் தவிர, நீங்கள் சுட முடியாது. வீட்டில் முதல் டர்னிலேயே பாதிப் படையைச் சாய்த்த நீளத் துப்பாக்கிகள் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அட்டைப்பெட்டியை வெட்டி ஆங்கில எல் எழுத்து வடிவில் எட்டுச் சுவர் செய்து, 60 அங்குலத்துக்கு 44 அங்குல மேசையில் பரப்பி ஒரு முறையாவது ஆடிப் பாருங்கள். ஒளிந்து நிற்பது எப்படி, எப்போது வெளியே வருவது என்று ஒரே மாலையில் பிடிபட்டுவிடும்.

அப்புறம், பேச்சு. நல்ல போட்டி ஆட்டக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். ஒரு யூனிட்டை நகர்த்திவிட்டு, "இதைச் சுவருக்குப் பின்னால் மறைத்துத்தான் வைக்கிறேன். உங்கள் டேங்கிலிருந்து தெரியாது, சரிதானே?" என்று கேட்பார்கள். நீங்கள் குனிந்து பார்த்து "தெரியாது" என்பீர்கள். அதோடு முடிந்தது, அடுத்த டர்னில் அரை மில்லிமீட்டருக்குச் சண்டை வராது. நீங்களும் அதே போல நோக்கத்தைச் சொல்லி நகர்த்துங்கள். ஆட்டம் தொடங்கும் முன் "இது என் முதல் போட்டி. உங்கள் படையில் என்னைத் திடுக்கிட வைக்கக்கூடியது எது?" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மனமுவந்து சொல்வார்கள். தெரியாத விதியில் எதிராளியை மாட்டிவிட்டு ஜெயிப்பதை நல்ல ஆட்டக்காரர்கள் மதிப்பதில்லை. விதியில் கருத்து வேறுபாடு வந்தால் வாதாடாமல் நடுவரைக் கூப்பிடுங்கள். அது எதிராளி மேல் கொடுக்கும் புகார் ஆகாது. கடிகாரத்தை மட்டும் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போட்டி முடிந்து வந்து அந்த வேகத்தை அப்படியே நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோனால் அவர்கள் சலித்துப்போவார்கள். ஒருவர் மட்டும் போட்டிக்குத் தயாராகி மற்றவர்கள் விளையாட்டாகவே இருந்த குழுக்கள் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். பயிற்சி ஆட்டம் என்றால் முன்கூட்டியே கேட்டு, சம்மதித்தால் ஆடுங்கள். மற்ற நாளில் பழைய மாதிரி, கதையோடும் காபியோடும் ஆடுங்கள்.

இனி அந்த முப்பது பேர். சில போட்டிகளில் வண்ணமில்லாத படையை அனுமதிப்பதே இல்லை. அனுமதித்தாலும் மூன்று ஆட்டத்திலும் பத்துப் பத்து மதிப்பெண் போய்விடும். பரிசு வாங்கும் அளவுக்கு அடிக்க வேண்டியதில்லை. முக்கியமான பகுதிகளில் நிறம் இருந்து, காலடித் தட்டும் முடிந்திருந்தால் போதும். முதல் வார இறுதியில் முப்பது பேருக்கும் சேர்த்து வெளிர்நிற ஸ்ப்ரே அடியுங்கள். அதன் மேல் கான்ட்ராஸ்ட் பெயின்ட் ஒரே பூச்சு. நிழலும் வெளிச்சமும் தானாக விழும். வாரத்துக்கு எட்டுப் பேர் என்று போனால் ஐந்தாம் வார முடிவில் முடிந்துவிடும். லிஸ்டில் கட்டாயம் இருக்கிறவர்களிலிருந்து தொடங்குங்கள், ஸ்கவுட்டுகளை முதலில் எடுங்கள். ஆறாவது வாரம் தூரிகையைத் தொட வேண்டாம். அந்த வாரம் கடிகாரம் வைத்து இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, போட்டிக்கு முந்தின இரவு பெட்டியில் படையோடு கொஞ்சம் சூப்பர் குளூவும் எடுத்து வையுங்கள்.